நாமகிரித் தாயாரும் நரம்பணுக்களும்

சேலத்திலிருந்து தெற்கே ராசிபுரம் வழியாகச் செல்லும் பிரயாணி, கொல்லிமலை கிழக்குத் திசையை அடைத்துக்கொண்டு கூடவே வர, சோளமும் நிலக்கடலையும் மரவள்ளியும் மாறி மாறித் தோன்றும் மேட்டுக்காடுகளினூடே சுமார் ஐம்பது கிலோமீட்டர் போனபின், சமவெளியின் நடுவே ஒற்றைப் பாறையொன்று கோட்டை மதிலைத் தலையில் சுமந்து நிற்பதைக் காண்பான். அந்தப் பாறையைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில் அதியர் மரபினர் அமைத்த நரசிங்கப் பெருமாள் ஆலயத்தில் தனிச்சந்நிதி கொண்டு எழுந்தருளியிருப்பவள் நாமகிரித் தாயார். நாமக்கல் என்றதும் இன்றைய தலைமுறைக்குக் கோழிப்பண்ணையும் லாரியும் நினைவுக்கு வரலாம். கணித சாஸ்திரத்தின் வரலாற்றிலோ இவ்வூருக்கு இடம் தேடிக் கொடுத்தது ஒரு குடும்பத்தின் தெய்வபக்தி.

அக்குடும்பத்தில் தோன்றிய கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்து, பிறகு கேம்பிரிட்ஜ் சென்று புகழெய்தி, 1920 ஏப்ரல் 26 அன்று முப்பத்திரண்டு வயதிலேயே மறைந்தார். அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் 1927-இல் ஒரே நூலாகத் தொகுக்கப்பெற்றபோது, அவரை நேரில் அறிந்த பி. வி. சேஷு ஐயரும் ஆர். ராமச்சந்திர ராவும் எழுதிச் சேர்த்த வாழ்க்கைக் குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. நாமக்கல் தேவி சொப்பனத்தில் தோன்றித் தமக்குச் சூத்திரங்களை அருளுவதாக ராமாநுஜன் சொல்வது வழக்கம் என்றும், படுக்கையை விட்டு எழுந்தவுடன் அவற்றைக் குறித்துக்கொண்டு சரிபார்ப்பார் என்றும், ஆனால் எல்லாவற்றுக்கும் முறையான நிரூபணம் தர அவரால் இயலவில்லை என்றும் அவர்கள் எழுதினார்கள். பக்தர்கள் இதைக் கேட்டுக் கைகுவித்தார்கள். அவரை உலகுக்குக் காட்டிய ஜி. எச். ஹார்டியோ, கணித வல்லுநர் அனைவரும் அடிப்படையில் ஒரே விதமாகத்தான் சிந்திக்கிறார்கள், ராமாநுஜன் அதற்கு விலக்கல்ல என்று சொல்லி இந்தப் பேச்சையே ஒதுக்கிவிட்டார். இரு தரப்பாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுண்டு: கும்பகோணத்துப் பிராமண இளைஞர் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய மண்டையோட்டுக்குள் நடந்தது என்ன? அதற்கு விடை தேட வேண்டுமானால், ஞாபகமும் கற்பனையும் மூளையில் எங்கே, எப்படி உண்டாகின்றன என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

நெடுங்காலம் இவ்விரண்டையும் வெவ்வேறு சக்திகளாகவே மனிதர் கருதி வந்தனர். நடந்ததைக் காப்பது ஞாபகம், நடவாததைப் படைப்பது கற்பனை, முன்னது கணக்குப்பிள்ளையின் குணம், பின்னது கவிஞனின் குணம் என்றெல்லாம் பிரித்துப் பேசினோம். இந்தப் பிரிவினை மூளைக்குத் தெரியாது என்பதே கடந்த எழுபதாண்டு ஆராய்ச்சி நமக்குக் கற்பித்த பாடம்; அந்தப் பாடம் தொடங்கியது ஒரு பரிதாபமான சம்பவத்திலிருந்து.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் என்னும் இளைஞர் கொடிய காக்காய்வலிப்பு நோயால் வருந்தி, 1953-இல் தமது இருபத்தேழாம் வயதில் வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவரிடம் சஸ்திர சிகிச்சைக்கு உடன்பட்டார். மூளையின் இரு பக்கங்களிலும், காதுக்கு நேர் உள்ளே, பொட்டுமடல் எனப்படும் பகுதியின் உட்புறத்தில், கடற்குதிரை வடிவில் வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியையும் அதைச் சூழ்ந்த திசுக்களையும் மருத்துவர் அகற்றினார். வலிப்பு தணிந்தது, புத்தி கூர்மை குறையவில்லை, மொழி கெடவில்லை, இளமைக்கால நினைவுகளும் பெரும்பாலும் இருந்தன. ஆனால் அன்று முதல் 2008-இல் இறக்கும் வரையில் புதிய அநுபவம் எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பல்லாண்டுகள் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறை அறைக்குள் நுழையும்போதும் அவருக்குப் புதியவரே. இதில் ஒரு விசேஷம் உண்டு: கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திர உருவத்தின் விளிம்பைப் பென்சிலால் தொடரும் பயிற்சியை மில்னர் அவருக்கு மூன்று நாள் கொடுத்தபோது, கை நாளுக்கு நாள் தேறி வந்தது, ஆனால் அப்படியொரு பயிற்சி செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. கைப்பழக்கத்தின் ஞாபகம் வேறு, வாழ்ந்த அநுபவத்தின் ஞாபகம் வேறு, பின்னதற்குத்தான் ஹிப்போகாம்பஸ் இன்றியமையாதது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

அந்த உறுப்பு செய்யும் வேலை என்ன? ஓர் அநுபவத்தின் காட்சி மூளையின் பின்புறத்திலும், ஒலி பக்கவாட்டிலும், அச்சமோ மகிழ்ச்சியோ வேறிடத்திலும் எனப் பிரிந்து பதிகின்றன. அவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பிணைத்து, இன்ன இடத்தில் இன்ன வேளையில் நடந்தது என்ற ஒரு முழுமையை ஆக்கித் தருவது ஹிப்போகாம்பஸ். பிணைப்பு என்பது இங்கே வெறும் சொல்லன்று. சேர்ந்து தூண்டப்படும் நரம்பணுக்களுக்கிடையே உள்ள சந்திகள் வலுப்பட்டு, அந்த வலிமை நெடுநேரம் நிலைக்கின்றது என்பதை டிம் பிளிஸ், டெர்ஜே லோமோ என்ற இருவர் முயலின் ஹிப்போகாம்பஸில் அளந்து 1973-இல் வெளியிட்டனர். ஜான் ஓகீஃப் என்பவர் 1971-இல், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தபோது மட்டும் துடிக்கும் அணுக்களை அதே உறுப்பில் கண்டு, மூளைக்குள் ஊர்ப்படம் ஒன்று வரையப்படுகிறது என்று காட்டினார். அதற்கு 2014-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

கற்பனையின் கதை இதற்குப் பிறகுதான் வருகிறது. 2007-இல் லண்டனில் டெமிஸ் ஹஸாபிஸ், எலினார் மக்வையர் முதலானோர், ஹிப்போகாம்பஸ் பழுதுபட்ட ஐந்து நோயாளிகளிடம் பழைய நினைவுகளைக் கேட்கவில்லை. ஒரு கற்பனைக் காட்சியைச் சொல்லச் சொன்னார்கள். வெண்மணற் கடற்கரையில் படுத்திருப்பதாக எண்ணிக்கொண்டு, சுற்றிலும் காண்பதை விவரிக்க வேண்டும். கண் கெடாத, பேச்சுக் கெடாத, புத்தி கெடாத மனிதருக்கு இது என்ன பிரமாதம் என்று நாம் நினைப்போம். அவர்களில் பெரும்பாலோரால் அது முடியவில்லை. வானம் நீலம், மணல் வெண்மை என்று துண்டு துண்டாகச் சொன்னார்களே தவிர, அவை ஓரிடமாகக் கூடி நிற்கவில்லை. நேற்றைப் பிணைக்கும் உறுப்பு கெட்டவருக்கு, ஒருபோதும் நடவாததைப் பிணைக்கவும் வழியில்லாமற் போயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் டேனியல் ஷாக்டர், டோனா ரோஸ் ஆடிஸ் ஆகியோர், நலமுள்ளவர்கள் கடந்ததை நினைக்கும்போதும் வருவதை எண்ணும்போதும் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபொழுது, இரண்டிலும் ஒரே பகுதிகளே பெரும்பாலும் ஒளிர்ந்தன. (இந்த ஹஸாபிஸ்தான் பின்னாளில் யந்திரங்களுக்கு அறிவு புகட்டும் வித்தையில் இறங்கி, 2024-இல் ரசாயனத்துக்கான நோபெல் பரிசில் பங்கு பெற்றவர், மனிதக் கற்பனையின் இருப்பிடத்தைத் தேடியவர் யந்திரக் கற்பனைக்குப் போனதில் வியப்பில்லை.)

இதனால் ஞாபகத்தைப் பற்றிய நம் எண்ணமே மாறவேண்டியிருக்கிறது. அறுவடையான சோளத்தைக் குதிரில் கொட்டி வைத்து, வேண்டும்போது அடியில் உள்ள துளையைத் திறந்து அதே மணிகளை அள்ளிக்கொள்வதாக நாம் ஞாபகத்தைக் கருதி வந்தோம்; உண்மையில் அது விதைச்சோளம், எடுக்கும்போதெல்லாம் மறுபடியும் விதைத்து முளைக்கவைத்தே எடுக்கவேண்டும், அந்தப் பருவத்தின் மழையும் வெயிலும் பயிரில் கலந்தே தீரும். கரீம் நாடர் என்பவர் 2000-ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு நடத்திய பரிசோதனை இதை அணுக்களின் அளவில் காட்டியது. ஓர் ஒலிக்கு அஞ்சப் பழகிய எலிக்கு அந்த ஒலியை மீண்டும் கேட்பித்து, பழைய அச்சம் தலையெடுத்த உடனே, புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தை மூளையில் செலுத்தினால் அச்சம் மறைந்துபோகிறது. ஒலியைக் கேட்பிக்காமல் மருந்தை மட்டும் செலுத்தினால் மறைவதில்லை. நினைவு வெளியே வரும்போது இளகுகிறது, திரும்பவும் இறுகிப் பதிவதற்குப் புதிய புரதம் தேவைப்படுகிறது. அந்த இடைவேளையில் எதுவும் உள்ளே புகலாம்.

அணுக்களைக் காணும் கருவிகள் இல்லாத நாளிலேயே இதை ஊகித்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஃபிரடெரிக் பார்ட்லெட். அப்பல்கலைக்கழகத்தில் மனோதத்துவ ஆய்வுக்கூடம் 1913-இல் திறக்கப்பட்டது; மறுவருஷம் ராமாநுஜன் அங்கே வந்து சேர்ந்தார்; முதல் உலக யுத்தம் நடந்த ஆண்டுகளில் ஒருவர் டிரினிடி கல்லூரியில் எண்களோடும், மற்றவர் அந்த ஆய்வுக்கூடத்தில் மறதியோடும் மல்லாடிக்கொண்டிருந்தனர். இருவரும் சந்தித்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்கு ஆசைதான். பார்ட்லெட், செவ்விந்தியர் கதையொன்றை ஆங்கிலேயருக்கு வாசிக்கக் கொடுத்து, சில நிமிஷங்கள், சில வாரங்கள், சில ஆண்டுகள் கழித்து அதைத் திரும்பச் சொல்லச் செய்தார். கதை சுருங்கியது, புரியாத இடங்கள் உதிர்ந்தன, தோணி படகாயிற்று, பேயும் ஆவியும் வழக்கமான காரணகாரியமாயின, வாசித்தவர் ஒவ்வொருவரும் தம் சமூகத்துக்கு இசைந்தவாறு கதையைப் புதிதாகக் கட்டினர். நினைவுகூர்தல் என்பது புனர்நிர்மாணம் என்று 1932-இல் அவர் வெளியிட்ட நூலில் தீர்மானம் செய்தார்.

கொங்குச் சீமையில் உடுக்கையடிக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தீர்மானம் புதிதாகத் தோன்றாது. பொன்னர் சங்கர் என்னும் அண்ணன்மார் கதையைப் பாடுபவர், ஏடும் எழுத்தும் முன்னே இல்லாமல், இரவுக்கு இரவு விடிய விடியப் பதினெட்டு இரவுகள் பாடுகிறார். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பக்கத்தில் தங்கி, இப்படிப் பாடப்பெற்ற கதை முழுவதையும் ஒலிநாடாவில் பதிவு செய்தார். இத்தகைய பாடகர் ஒருவரை இரண்டாம் முறை பாடச் சொன்னால், முன்பு பாடிய சொல்லையே வரிசை பிசகாமல் பாடமாட்டார். கேட்பவர் தூங்கி வழிந்தால் போர்க்களத்தை நீட்டுவார், தாய்மார் கூடியிருந்தால் தாமரையாளின் தவத்தில் மனம் உருகி நிற்பார். ஆயினும் அது அதே கதைதான் என்பதில் பாடுபவருக்கோ கேட்பவருக்கோ சந்தேகம் எழுவதில்லை. கதையின் எலும்புக்கூடும், அதன்மேல் பொருந்தும் சொற்றொடர்களும், மெட்டும் அவரிடம் உள்ளன. மீதியை அவ்விரவே ஆக்குகிறது. அவர் செய்வது ஞாபகமா, கற்பனையா என்று கேட்டால், கேள்வியில்தான் பிழை.

ராமாநுஜனிடம் இதற்கு நேர்மாறான ஞாபகமும் இருந்தது. சேஷு ஐயரும் ராமச்சந்திர ராவும் எழுதியிருப்பதன்படி, பள்ளிப் பருவத்திலேயே அவர் சம்ஸ்கிருத வினைவேர்களின் பட்டியல் முழுவதையும் ஒப்பிப்பார். இரண்டின் வர்க்கமூலத்தையும் ‘பை’ என்னும் எண்ணையும் எத்தனை தசமஸ்தானம் வேண்டுமானாலும் சொல்லுவார். பதினாறு வயதளவில் அவர் கையில் ஜி. எஸ். கார் என்ற பயிற்சியாசிரியர் தொகுத்த கணிதச் சுருக்கம் கிடைத்தது. ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகளை, பெரும்பாலும் நிரூபணமின்றி வெறும் பட்டியலாகத் தரும் அப்புத்தகம், சாதாரண மாணவனுக்கு உறக்க மருந்து. ராமாநுஜனோ ஒவ்வொன்றையும் தாமே சிலேட்டுப்பலகையில் நிறுவிப் பார்த்தார். காகிதம் விலையுயர்ந்த பண்டமாகையால், பலகையில் எழுதி முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப்புத்தகத்தில் ஏற்றினார். இந்த ஆண்டுகளில்தான் கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறி உபகாரச் சம்பளத்தையும் இழந்தார் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஒரே திசையில் அவ்வளவு பாய்ந்த மனம் வேறு திசைகளில் வறண்டுபோயிற்று.

இத்தகைய பயிற்சி ஞாபகத்தின் அமைப்பையே மாற்றுகிறது. வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் 1973-இல் சதுரங்க நிபுணர்களை வைத்து இதைச் சோதித்தனர். உண்மையான ஆட்டத்தின் நடுவில் உள்ள பலகையை ஐந்து விநாடி காட்டினால் நிபுணர் அதன் பெரும்பகுதியை நினைவிலிருந்து அமைத்துவிடுகிறார். காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினாலோ அவரும் புதியவரைப் போலவே தடுமாறுகிறார். அவருக்கு வாய்த்தது பொதுவான ஞாபகசக்தி அல்ல. பல காய்களை ஒரே உருவமாகக் காணும் கண். லண்டனில் புட்னி என்னும் இடத்தில் நோயுற்றுக் கிடந்த ராமாநுஜனைப் பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த டாக்ஸியின் எண் 1729, சுவாரஸ்யமற்ற எண் என்றார். இல்லை, இரண்டு விதமாக இரண்டு கனங்களின் கூட்டலாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமாநுஜன் உடனே பதில் சொன்ன கதை நாடறிந்தது. பன்னிரண்டின் கனமும் ஒன்றின் கனமும் ஒரு வகை. பத்தின் கனமும் ஒன்பதின் கனமும் மற்றொரு வகை. இதை அந்தக் கணத்தில் உதித்த அற்புதமாகச் சொல்லுவதே நம் வழக்கம். ஆனால் ராமாநுஜனின் நோட்டுப்புத்தகங்களில், இந்தக் கனங்களின் உறவும் இதையொத்த பிறவும் எழுதப்பட்டுள்ளன. அவர் அவற்றோடு நெடுநாள் பழகியவர். நோய்ப்படுக்கையில் நடந்தது கணக்கு அன்று, அடையாளம் கண்டுகொண்டது. அற்புதம் அதனால் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

உறக்கத்துக்கு வருவோம். மாத்யூ வில்சன், புரூஸ் மக்நாட்டன் என்போர் 1994-இல், பகலில் எலி ஒரு பாதையில் ஓடியபோது சேர்ந்து துடித்த ஹிப்போகாம்பஸ் அணுக்கள், பிறகு அது உறங்கும்போதும் சேர்ந்தே துடிப்பதைக் கண்டனர். பகலின் அநுபவத்தை இரவு மறுபடியும் ஓட்டிப்பார்க்கிறது. அதன் வழியே நினைவுகள் மூளையின் மேற்புறணிக்குப் பெயர்ந்து, அங்கே உள்ள பழைய அறிவோடு கலக்கின்றன என்று கருதப்படுகிறது. ஜெர்மனியில் உல்ரிக் வாக்னர் முதலானோர் 2004-இல் செய்த பரிசோதனை நம் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது. எண்வரிசைகளைக் கொண்ட ஒரு கணக்கைப் பலருக்குக் கொடுத்தார்கள். அதில் ஒரு குறுக்குவழி ஒளிந்திருந்தது, அது யாருக்கும் சொல்லப்படவில்லை. இடையே எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தவர்களில் அந்தக் குறுக்குவழியைக் கண்டுகொண்டவர் தொகை, விழித்திருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்தில் இருந்த ஆட்டோ லோவி, நரம்பு தசைக்குச் செய்தி அனுப்புவது ரசாயனப் பொருளாலா என்பதைச் சோதிக்கும் வழியைக் கனவில் கண்டவர். முதல் இரவு தூக்கக் கலக்கத்தில் கிறுக்கி வைத்ததைக் காலையில் படிக்க முடியவில்லை. மறு இரவு அதே கனவு மீண்டும் வர, அந்த அகாலத்திலேயே எழுந்து ஆய்வுக்கூடம் சென்று, இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு அதை நிறுவிவிட்டார். 1936-இல் நோபெல் பரிசும் பெற்றார். ஆனால் அந்த எண்ணம் தம் மனத்தில் முதன்முதல் தோன்றியது பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு என்பதை அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். தவளை இதயத்தோடு பழகாதவருக்கு அந்தக் கனவு வந்திராது. கார் எழுதிய சுருக்கத்தைப் பலகையில் தேய்க்காதவருக்கு நாமகிரித் தாயார் சூத்திரம் அருளியிருக்கமாட்டாள். ஆலயத்தில் அவளை வணங்கியவர் பல்லாயிரவர். நீள்வட்டத் தொகையீடு வேறு யார் கனவிலும் வரவில்லை.

கனவு பொய்யும் சொல்லும் என்பதையும் மறைக்கக்கூடாது. பகா எண்களின் பரவலைப் பற்றி ராமாநுஜன் ஹார்டிக்கு எழுதி அனுப்பிய முடிவுகளில் சில பிழையானவை. சிக்கலெண் சார்புகளின் கோட்பாடு அவருக்கு அப்போது தெரியாததால் நேர்ந்த பிழை அது. அறியாததைக் கனவும் அறிவிக்கவில்லை. படுக்கையை விட்டு எழுந்தவுடன் சரிபார்ப்பார் என்று சேஷு ஐயர் எழுதிய அந்தச் சிறு வாக்கியத்தை நம்மவர்கள் மேற்கோள் காட்டும்போது விட்டுவிடுகிறார்கள். எனக்கோ அதுவே முழுச் செய்தியிலும் மிகுந்த பொருளுடையதாகப் படுகிறது.

எனினும், தமக்குள்ளேயே விளைந்ததை அவர் ஏன் தேவியின் வாக்காகக் கொண்டார்? பக்தி ஒரு காரணம். மூளையின் சுபாவம் மற்றொன்று. மனத்தில் எழும் ஓர் உருவம் வெளியிலிருந்து வந்ததா, உள்ளிருந்து பிறந்ததா என்பது அதன்மேல் எழுதியிருப்பதில்லை. 1910-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செவ்ஸ் பெர்க்கி என்ற பெண்மணி, சிலரை மங்கலான கண்ணாடியை நோக்கி வாழைப்பழம், தக்காளி முதலியவற்றைக் கற்பனை செய்யச் சொல்லிவிட்டு, அவர்கள் அறியாமல் பின்னாலிருந்து அதே பொருளின் மங்கிய படத்தை அக்கண்ணாடியில் வீழ்த்தினார். எதிரே உண்மையில் படம் இருப்பதை அவர்கள் அறியவில்லை. எல்லாம் தம் கற்பனையென்றே கூறினர், பழம் நிமிர்ந்து நிற்கிறதே, நான் அப்படி எண்ணவில்லையே என்று ஆச்சரியப்பட்டவரும் உண்டு. வெளியே இருந்ததை உள்ளே இருந்ததாக மயங்க முடியுமானால், உள்ளே இருந்ததை வெளியிலிருந்து வந்ததாக மயங்கவும் முடியும். காட்சியின் தெளிவு, அதை உண்டாக்க நாம் பட்ட பாடு ஆகியவற்றைக் கொண்டே மூளை அதன் மூலத்தை ஊகிக்கிறது என்று மார்ஷா ஜான்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் விளக்கினார். பாடுபட்டதாக உணராமல் வந்ததை அந்நியமென்று முடிவு செய்கிறோம். கனவு மிகுந்த உறக்கத்திலோ, இந்த விசாரணையை நடத்துகிற முன்னெற்றிப் புறணியின் பகுதிகள் அடங்கிக் கிடக்கின்றன. பார்க்கும் பகுதியும் உணர்ச்சிப் பகுதியும் விழிப்பில் போலவே உழைக்கின்றன. அத்தகைய வேளையில் முன்னே விரியும் சூத்திரத்துக்குக் கையொப்பம் யாருடையதென்று கேட்டால், குழந்தைப் பருவம் முதல் வீட்டில் ஒலித்த பெயரைத்தான் மனம் சொல்லும்.

மகனைப் போலவே தாய் கோமளத்தம்மாளும் கனவு கண்டார். கடல் கடத்தல் ஆசாரத்துக்கு விரோதமென்று தடுத்து வந்த அவர், ஒருநாள் காலை, பெரிய மண்டபமொன்றில் ஐரோப்பியர் சூழ மகன் அமர்ந்திருப்பதைக் கனவிற் கண்டதாகவும், அவன் பிறவியின் காரியத்துக்குக் குறுக்கே நிற்காதே என்று நாமகிரித் தாயார் கட்டளையிட்டதாகவும் கூறிச் சம்மதம் தந்தார். கேம்பிரிட்ஜின் மண்டபம் எதையும் அவர் கண்டதில்லை. கோயில் மண்டபங்களைக் கண்டிருப்பார், வெள்ளைக்காரத் துரைமாரைக் கண்டிருப்பார், மகனை நாள்தோறும் கண்டார். இம்மூன்றையும் பிணைத்து, இதுவரை நிகழாத ஒன்றை ஹிப்போகாம்பஸ் அவருக்கு நிகழ்த்திக் காட்டியது. அந்தக் கனவில் இருந்த பிழை மிகச் சிறியது: மண்டபத்தில் கூடியவர்கள் பலர் அவன் போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே யுத்தத்துக்குப் போய்விட்டார்கள். 1914 மார்ச் 17 அன்று நெவாஸா என்ற கப்பல் சென்னையிலிருந்து ராமாநுஜனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.